சொந்த விருப்பத்தின் பேரில்

1

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பிலோமினா எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். முல்லைத்தீவுப் பெண். தாதிப் பயிற்சிக்காக இந்த இங்கிலாந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவள். இன்னும் ஒரு குளிர்காலத்தை முழுதாகக் கண்டதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"அக்கா, இஞ்சை வேலை இல்லாட்டியும் அரசாங்கம் காசு குடுக்குமாமே? ஊரிலை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். சும்மா படுத்துக் கிடந்தாலும் வீட்டுக்குக் காசு வருமாம்."

என் கணவர் அருளப்பு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஓம், குடுப்பாங்கள்" என்றார். பிறகு, தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

புதிதாக வந்த பிள்ளையின் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊரில் இப்படி ஒரு கதை உலாவுகிறது என்றால் அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்காவது சரியாகச் சொல்லிவைக்க வேண்டும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்து இங்கே வர ஆயத்தப்படுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்கட்டும்.

காசு கொடுப்பது உண்மை. அது பிச்சையும் இல்லை. வேலை செய்கிற ஒவ்வொரு கிழமையும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கழித்து, அதற்கென்று ஒரு அட்டையில் முத்திரை ஒட்டுவார்கள். வேலை போனால் அந்தச் சேமிப்பிலிருந்துதான் வேலையில்லாக் கொடுப்பனவு என்று தருவார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் வந்த புதிதில் மெச்சிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வேலை உன்னை விட்டதா, நீ வேலையை விட்டாயா?

அந்தக் கேள்வியை என் கணவரிடம் இரண்டு நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். இரண்டிலும் கேட்டவர்கள் மிக மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

2

முதலில் வவுனியா.

நான் முல்லைத்தீவில் கரைவலைக்காரர் குடும்பத்தில் பிறந்தவள். ஆசிரியையாகி வவுனியாவில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். என் கணவர் அங்கே நீர்ப்பாசனக் கந்தோரில் லிகிதர், எழுத்து வேலை. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. எந்தக் குளத்தின் மதகு எப்போது திறந்தது, எந்த வாய்க்கால் உடைந்தது என்பதெல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும். மழைக்காலத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூவரசங்குளம் வரைக்கும் போய், காற்சட்டையெல்லாம் சேறாகத் திரும்பி வருவார். அந்த உத்தியோகத்தில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அரச மொழி சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபிறகு சில வருடம் கந்தோரில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிங்களச் சோதனை எழுத வேண்டும். எழுதிச் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. அதற்கும் பிறகு, படிக்க மனமில்லாதவர்கள் விரும்பினால் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வழி.

என் கணவருக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். மதவாச்சிப் பக்கத்திலிருந்து குளத்து வேலைக்கு வருகிற கொந்தராத்துக்காரர்களோடு அவர் சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். சோதனையில் சித்தியடைந்த இரண்டு பேருக்கு அவரே சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் அவர் சோதனைக்குப் போகவில்லை.

களஞ்சியப் பொறுப்பாளர் காதர் அவருக்கு நல்ல சிநேகிதர். பூவரசங்குளத்து முஸ்லிம், வயதில் மூத்தவர்; இவர் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்: "அருளப்பு, நான் எழுதிப்போட்டன். எனக்கு ஆறு பிள்ளையள். நீர் என்னைக் குறையாய் நினைக்கக் கூடாது."

"நான் ஏன் காக்கா நினைக்கப் போறன்? நீங்கள் எழுதினது சரி."

"அப்ப நீரும் எழுதுமன். உமக்கு அது விளையாட்டு."

"கதைக்கச் சொன்னால் விடிய விடியக் கதைப்பன். என்ரை ஊரிலை, என்ரை சனத்துக்குத் தண்ணி திறக்கிற வேலைக்கு, அந்தச் சோதினை எழுதமாட்டன்."

காதர் எழும்பினார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

கந்தோரின் பிரதம லிகிதர் கனகரத்தினம். அவரும் தமிழர்தான். சோதனையை முதல் தடவையிலேயே முடித்தவர். அதை நான் பிழை சொல்லவில்லை. அவர் என் கணவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசிய விதத்தைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. என் கணவர் வீட்டுக்கு வந்து சொன்னபடியே சொல்கிறேன்.

"அருளப்பு, உம்மை ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. அதை முதல் விளங்கிக்கொள்ளும். நீர் விரும்பினால் போகலாம். விரும்பாட்டில் இருக்கலாம். இருந்தால் உயர்வு வராது, இடமாற்றம் வரும், கடைசியிலை என்ன வருமெண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப, மொழிச் சட்டத்தாலை விலகிறன் எண்டு எழுதித் தாறன்."

"அப்பிடி எழுதினால் மேலை அனுப்பேலாது. சொந்த விருப்பத்தின் பேரில் எண்டு எழுதும். அதுதான் முறை."

இவர் ஒரு நாள் எழுதாமல் இருந்தார். மறுநாள் எழுதினார். பிரதம லிகிதர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அதோடு விட்டிருந்தால் போதும். பிரியாவிடை வைத்தார்கள். நானும் கட்டாயம் வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். கனகரத்தினம் எழும்பி, நண்பர் அருளப்பு ஓய்வை விரும்பி எங்களைப் பிரிந்து செல்கிறார் என்று பேசினார். ஓய்வு. இவருக்கு அப்போது தலையில் ஒரு நரை கிடையாது. எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டி முதல் துண்டை எனக்கு நீட்டினார் கனகரத்தினம். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் அதை வாயில் வைத்தேன். சேலைத் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோலத் துப்பி, அந்தத் தலைப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன்: "உங்களைக் கலைச்சுப்போட்டுக் கேக் தின்னுறாங்கள்."

அவர் கோபப்பட்டார். "என்னை ஒருத்தரும் கலைக்கேல்லை. நானாய்த்தான் விட்டனான். அப்பிடிக் கதையாதையும்."

அந்தச் சொல்லை அவர் தன்னுடைய மானத்துக்குப் போர்வையாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கலைத்துத் துரத்தப்பட்டவன் என்பதைவிட விட்டவன் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

3

இங்கே வந்தபிறகு அவருக்குக் கிடைத்தது சமையல் அடுப்பு செய்கிற தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. எண்ணெய் மணமும் இரும்புத் தூசும். வவுனியாவில் வெள்ளைச் சேட்டின் கையை மடிக்காமல் வேலை செய்தவர், இங்கே நகத்துக்குள் கறுப்போடு வீட்டுக்கு வருவார். முறைப்பாடு ஒன்றும் சொன்னதில்லை. நானும் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், படிப்பிக்க அல்ல, தரை கழுவ. எங்கள் மகள் ரோசலின் படிப்பது வேறு பள்ளிக்கூடம். அதற்காக அவள் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்த டெனிஸ் அயர்லாந்துக்காரன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கே வருகிறவன். கட்டட வேலையில் விழுந்து ஒரு கால் ஊனம். களஞ்சியத்துக்கு என் கணவருக்குப் பிறகு வந்தவன், ஆகவே ஆட்களில் கடைசி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மீன்குழம்பைக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவான்.

போன வருடம் அடுப்பு விற்பனை குறைந்தது. ஆட்குறைப்பு என்று சொல்லி எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டிச் சொன்னார்கள். முதலில் தாங்களாகப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். போதாவிட்டால் கடைசியாக வந்தவர்கள் போகவேண்டும். புதுச் சட்டம் தருகிற நட்டஈடு நெடுநாள் வேலை செய்தவர்களுக்குத்தான். இவரைப்போன்றவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

களஞ்சியத்திலிருந்து போகவேண்டியது ஒரே ஒரு ஆள். களஞ்சியத்து மேற்பார்வையாளன், போர்மன் ஹாரிஸ், இவரிடம் வந்தான். நல்ல மனிதன்போலத்தான் பேசுவானாம். தோளில் கை வைத்துத்தான் பேசுவானாம்.

"நீ படித்தவன். உனக்குக் கந்தோர் வேலை கிடைக்கும். டெனிஸுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? யோசித்துப் பார். கொடுப்பனவைப் பற்றிப் பயப்படாதே, அது வரும்."

அடுத்த நாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். களஞ்சியத்தில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவனிடமும் ஹாரிஸ் போய்த் தோளில் கை வைக்கவில்லை. இவருடைய மனம் இளகியது என்று தெரிந்துதான் இவரிடம் வந்தான். மற்றவர்களோடு மோதுவதைவிட ஒரு கறுப்பு மனிதனை அனுப்புவது சுலபம் என்றும் தெரிந்திருக்கும்.

பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

"ஏன் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீர் விட்டிருக்கமாட்டீர்."

"விட்டிருக்கமாட்டன்தான். இஞ்சேருங்கோ, அவனுக்குக் கால் ஏலாது, சரி. எங்களுக்கு என்ன ஏலும்?"

"எனக்கு வேறை வேலை எடுக்கலாம். அவனுக்கு ஏலாது. அதோடை நானாய்த்தான் குடுத்தனான். ஒருத்தரும் நெருக்கேல்லை."

மறுபடியும் அதே பேச்சு. அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்து மணத்தபிறகுதான் இரண்டுபேரும் பேச்சை நிறுத்தினோம்.

4

வேலை போனவர்கள் பதிகிற கந்தோருக்கு நானும் அவரோடு போனேன். நீண்ட வரிசை. ஈரக் கோட்டு மணம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளைஞன் மிக மரியாதையாகப் பேசினான். தொழிற்சாலையிலிருந்து அவனுக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது.

"நீங்கள் வொலன்டியராகப் போனீர்களா?"

எங்கள் ஊரில் வொலன்டியர் என்றால் மடு மாதா கோயில் திருவிழாவில் நெஞ்சில் பட்டி குத்திக்கொண்டு சனத்தை வரிசைப்படுத்துகிறவர். வெயிலில் நின்று தண்ணீர் கொடுக்கிறவர். இவரும் இளந்தாரிக் காலத்தில் அந்தப் பட்டியைக் குத்திக்கொண்டு நின்றவர்தான். நல்ல சொல் என்றே நினைத்திருப்பார். நிமிர்ந்து நின்று, "ஆம்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு ஆறு கிழமைக்குக் கொடுப்பனவு இல்லை என்றான் இளைஞன். ஹாரிஸ் சொன்னதை இவர் எடுத்துச் சொன்னார். அதற்கு அவன் சொன்னான்: "அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்பும் கேட்டான். இந்த நாட்டில் எல்லோரும் மன்னிப்புக் கேட்பார்கள். காலில் மிதித்துக்கொண்டே கேட்பார்கள்.

அந்தக் கிழமைகளை நான் விபரிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத் தரையோடு ஆஸ்பத்திரிச் சலவை வேலையையும் பிடித்தேன். மற்றவர்களின் இரத்தமும் சீழும் பட்ட துணிகள். கையை எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் சோற்றில் வரும்.

ஒருநாள் பின்னேரம் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மையார் ரோசலினிடம், அப்பா ஏன் வீட்டில் நிற்கிறார் என்று கேட்டது எனக்குக் கேட்டது. ரோசலின் ஆங்கிலத்தில் சொன்னாள், அவருக்கு வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று. உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"டாடிதானே மம்மி அப்பிடிச் சொல்லுறவர். அவர் வொலன்டியர் பண்ணினவர்."

கன்னத்தில் ஒன்று போடக் கை எழுந்தது. போடவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அம்மா மம்மியானதும் அப்பா டாடியானதும் பெரிதில்லை. தன் தகப்பன் சோம்பேறி என்று இந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டாள். அதை அவருடைய வாயிலிருந்தே கற்றுக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு வந்த அரியண்டம், அந்த அருவருப்பு, யார் மேலே என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹாரிஸ் மேலே, அந்த மரியாதைக்கார இளைஞன் மேலே, கனகரத்தினத்தார் மேலே, என் மனிசன் மேலேயும்தான்.

"மேல்முறையீடு செய்யலாமாம். டெனிஸ் சொன்னவன்" என்றேன் அவரிடம்.

"ஏன்? நான்தானே ஓமெண்டு சொன்னனான்."

"நீங்கள் செய்யாட்டில் நான் செய்வன். ஒருக்காக் கேக் தின்னுட்டன். இன்னொருக்காத் தின்னமாட்டன்."

அந்தக் கேக்கை நான் துப்பியது அவருக்கு அன்றுவரை தெரியாது. சொன்னேன். எழுந்துபோய்ப் பேனையை எடுத்துவந்தார்.

5

நகரசபைக் கட்டடத்தின் மாடியில் ஒரு அறை. மூன்று பேர். நடுவில் இருந்தவர் வழக்கறிஞர். ஒருவர் முதலாளிமார் பக்கத்து ஆள், மற்றவர் தொழிற்சங்கப் பக்கத்து ஆள் என்றார்கள். பார்வைக்கு மூன்று பேரும் ஒரே தையற்காரனிடம் உடுப்புத் தைத்தவர்கள் மாதிரித்தான் இருந்தார்கள். ஹாரிஸ் வரவில்லை. தொழிற்சாலை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தது. இவர் தானாக முன்வந்தார், அவரை யாரும் வற்புறுத்தவில்லை என்று.

டெனிஸ் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நொண்டி நொண்டிப் படியேறி வந்தான். ஹாரிஸ் மூன்று நாளும் வந்ததையும், கொடுப்பனவு வரும் என்று சொன்னதையும் தான் கேட்டதாகச் சொன்னான். "நான் போயிருக்கவேண்டிய இடத்துக்கு இவர் போனார்" என்றும் சொன்னான். இதைச் சொன்னதற்காக நாளைக்கு ஹாரிஸ் அவனை என்ன செய்வான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நடுவில் இருந்தவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால் உங்களை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மனிதன் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை, ஐயா. டெனிஸைத்தான் நிறுத்தியிருப்பார்கள்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிய வேகத்திலேயே முடிவு விளங்கிவிட்டது. நான் எழும்பினேன். பேச அனுமதி கேட்கவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஆங்கிலம் படித்தவள்தான், ஆனால் அந்த நேரம் வாய்க்குள் பாதிச் சொல் வரவில்லை. நான் சொன்னது இதுதான்:

"ஐயா, ஒரு ஆள் போகவேண்டும் என்று விரும்பியது தொழிற்சாலை. இவரைத் தேடி வந்து கேட்டது போர்மன். இதிலே இவருடைய விருப்பம் எங்கே இருக்கிறது? விருப்பம் அவர்களுடையது. இவர் பெயரை மட்டும் இரவல் கொடுத்தார்."

'பெயர் கொடுத்தார்' என்பதற்குச் சரியான ஆங்கிலம் வராமல், இரவல் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்தான் வாயில் வந்தது. நடுவில் இருந்தவர், "இரவலா?" என்று திருப்பிக் கேட்டார். "ஓம்" என்றேன், தமிழில். தொழிற்சங்கப் பக்கத்து ஆள் மேசையைப் பார்த்தார். "நன்றி, அம்மையாரே. தயவுசெய்து உட்காருங்கள்" என்றார் நடுவில் இருந்தவர்.

தீர்ப்புப் பிறகு வந்தது. ஆறு கிழமையை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். அவர் தானாகத்தான் விட்டார், ஆனாலும் சூழ்நிலையைக் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது என்று.

வென்றுவிட்டோம் என்று டெனிஸ் துள்ளினான். அவனுக்கு நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மனிதனுடைய விருப்பத்தைத் தராசில் போட்டு, அரைவாசி உன்னுடையது, அரைவாசி எங்களுடையது என்று வெட்டிக் கொடுக்கிறார்கள். வவுனியாவில் கனகரத்தினத்தார் முழுவதையும் இவர் தலையிலேயே கட்டினார். இங்கே பாதியைக் கட்டினார்கள். முன்னேறிய நாடு என்றால் இதுதான் போலும்.

பிலோமினாவுக்கும் ஊரில் கேட்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: வேலை போனால் காசு வரும். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டு வந்து, நீயாகப் போ என்று கேட்டால் போகவேண்டாம். அவர்கள் வாயாலேயே போ என்று சொல்லட்டும்.

6

சில காலத்துக்குப் பிறகு புகையிரத நிலையத்துப் பொதிக் கந்தோரில் ஒரு வேலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பின்னேரம் திரும்பி வந்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ரோசலின் குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"கிடைச்சிட்டுது" என்றார். "திங்கக்கிழமை வரச்சொன்னவை."

"என்ன கேட்டவை?"

"முந்தின வேலையை ஏன் விட்டனீர் எண்டு கேட்டவை."

கத்தி என் கையில் அப்படியே நின்றது. "என்ன சொன்னனீங்கள்?"

"விடேல்லை, அனுப்பிப்போட்டாங்கள் எண்டு சொன்னன்."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார். சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். இதைக் கேட்பதா விடுவதா என்று நான் யோசித்தேன். கேட்டேன்.

"அப்ப, வவுனியாவிலை?"

குனிந்தபடியே இருந்தார். நாடா ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது.

"அங்கையும்தான்" என்றார்.

ரோசலின் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வவுனியாவில் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தமிழில் சொல்லத் தொடங்கினார்.